செம்பு பூத்த சாவி

அந்தப் பெண் கைப்பையிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். வைத்துவிட்டுக் கைகளை மடியில் போட்டுக்கொண்டாள். எப்படித் தொடங்குவது என்ற தயக்கமும் இல்லை, சொல்லியாக வேண்டும் என்ற அவசரமும் இல்லை. பேருந்துக்குக் காத்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள்.

"இது எங்க வீட்டுக்காரரோட சாவி," என்றாள் கடைசியில். "அவரை எங்ககிட்ட ஒப்படைச்சப்ப இதையும் ஒரு பையில போட்டுக் குடுத்தாங்க. ஆனா இது அவரோட சாவி இல்ல, சார்."

துப்பறிவாளர் கொத்தைக் கையில் எடுத்தார். "எப்படிச் சொல்றீங்க?"

"அவரோடது இரும்புச் சாவி. வருஷக்கணக்கா பாக்கெட்டுல கிடந்து கறுத்துப்போனது. இது செவசெவன்னு இருக்கு பாருங்க."

ஜன்னலோரம் நின்றிருந்த மைத்துனன் ஒரே எட்டில் மேசைக்கு வந்துவிட்டான். துப்பறிவாளருடைய மனைவியின் தம்பி அவன். அவரிடம் கார் ஓட்டத்தான் சேர்ந்தான். ஓட்டுவதைவிட ஊகிப்பது அதிகம்.

"அப்ப யாரோ கொத்தையே மாத்திட்டாங்க, மாமா! வீட்டுப் பூட்டுல போட்டுப் பார்த்தீங்களாம்மா? திறக்கலதானே?"

"திறந்துச்சு," என்றாள் அவள்.

துப்பறிவாளர் பென்சில் சீவும் கத்தியால் ஒரு சாவியின் ஓரத்தை இலேசாகச் சுரண்டினார். சிவப்பு, வெங்காயத் தோல் போல உரிந்து வந்தது. உள்ளே பழைய சாம்பல் நிற இரும்பு.

"சாவி அவரோடதுதாம்மா. மேல செம்பு படிஞ்சிருக்கு. அவர் எங்க வேலை பார்த்தார்?"

நகருக்கு வெளியே செம்பு எடுக்கும் ஆலையில் அவள் கணவர் ஃபோர்மேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நல்ல மழை. ஆலையில் நான்கு பேர்தான் இருந்திருக்கிறார்கள். மழை விட்டதும், எண்ணெய்த் தொட்டிக்குள் அவர் உடல் கிடந்தது தெரிந்தது. அந்தத் தொட்டிக்குப் பூட்டுப் போட்ட மூடி உண்டு. அந்தப் பூட்டின் சாவி அவரிடம்தான் இருந்தது. ஆகவே அவரே திறந்து அவரே குதித்துவிட்டார் என்று எழுதி முடித்துவிட்டார்கள். மூழ்கி இறந்தார் என்று மருத்துவமனையும் சொல்லிவிட்டது.

இவ்வளவையும் அவள் பக்கத்து வீட்டுக் கதை போலச் சொன்னாள்.

"வேற ஏதாவது கண்ணுல பட்டுதாம்மா?"

"குளிப்பாட்டுறப்ப பார்த்தேன். ரெண்டு தோள்மேலயும் கன்னிப்போய் இருந்துச்சு. ஷூவோட அடிப்பக்கம் மாதிரி கோடு கோடா. என் நாத்தனார்கிட்ட காட்டினேன். தூக்கும்போது பட்டிருக்கும்னு சொன்னா."

"குதிகால் எந்தப் பக்கம் இருந்தது?"

அவள் முதல்முறையாக யோசித்தாள். தன் தோளில் கை வைத்துப் பார்த்தாள். "முதுகுப் பக்கம். விரல் பக்கம் முன்னாடி, நெஞ்சைப் பார்த்த மாதிரி."

"காலால மிதிச்சு உள்ள அழுத்தியிருக்காங்க!" என்றான் மைத்துனன். சொன்ன பிறகுதான் யார் முன்னால் சொல்கிறோம் என்று உறைத்தது. அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை.

"உங்களுக்கு என்ன தெரியணும்மா?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

"அவரா போனாரா, இல்லையா. அது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

ஆலையில் மேனேஜர் அவர்களை வாசலுக்கே வந்து வரவேற்றார். வெள்ளைச் சட்டை, தலையில் மஞ்சள் தொப்பி. தங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை என்பதைக் கேட்காமலே சொன்னார். ஆலையைச் சுற்றிக் காட்டியபோது குரலில் ஒரு பெருமை வந்து உட்கார்ந்துகொண்டது.

"அதோ குவிச்சு வெச்சிருக்கே, அது தாதுக்கல்லு. அதுமேல அமிலம் கலந்த தண்ணியத் தெளிப்போம். தண்ணி உள்ள இறங்கி, செம்பைக் கரைச்சுக்கிட்டு அடியில வடிஞ்சு வரும். அதைக் குளத்துல சேர்க்கிறோம். அந்தத் தண்ணியில இரும்பு, அது இதுன்னு ஏகப்பட்டது கிடக்கும். செம்பை மட்டும் தனியாப் பிடிக்கணுமே? அதுக்குத்தான் எண்ணெய்."

"எண்ணெய் பிடிக்குமா?" என்றான் மைத்துனன்.

"வெறும் எண்ணெய் பிடிக்காது. மண்ணெண்ணெய் மாதிரி ஒண்ணுல ஒரு மருந்து கலந்திருக்கோம். ரெண்டையும் சேர்த்துக் கலக்கினா, மருந்து செம்பை மட்டும் பொறுக்கி எடுத்துக்கும். அப்படியே நிற்கவிட்டா எண்ணெய் மேல, தண்ணி கீழன்னு பிரிஞ்சுடும். செம்பு இப்ப எண்ணெய்க்குள்ள. அப்புறம் கெட்டியான அமிலத்தோட சேர்த்துக் கலக்கினா, எண்ணெய் செம்பை விட்டுடும். அந்த அமிலத்துல கரண்ட் விட்டா, தகடு தகடா சுத்தமான செம்பு."

"அப்ப எண்ணெய் கல்யாணத் தரகர் மாதிரி. இந்த வீட்டுல வாங்கி அந்த வீட்டுல குடுக்குது. தனக்குன்னு ஒண்ணும் வெச்சுக்கறதில்ல."

மேனேஜர் சிரித்தார். துப்பறிவாளர் சிரிக்கவில்லை. "அவர் கிடந்தது எந்தத் தொட்டி?"

கொட்டகையின் கோடியில், தரையோடு தரையாக ஒரு இரும்பு மூடி. செம்பைப் பிடித்துக்கொண்ட எண்ணெய் அடுத்த கட்டத்துக்குப் போகுமுன் தேங்கும் தொட்டி அது. பம்ப் ஆபரேட்டர் பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கினார். நரைத்த மீசை, கலங்கிய கண்கள். கெட்டியாக இறக்கிய தேநீர் நிறத்தில் எண்ணெய் அசையாமல் கிடந்தது. நெடி மூக்கைப் பிடித்தது.

"நான்தான் சார் முதல்ல பார்த்தேன்," என்றார். "மழை கொட்டினப்ப கரண்ட் போயிடுச்சு. பம்ப் ரூம் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே இருந்தேன். மழை விட்டதும் வெளிய வந்தா இந்த மூடி திறந்து கிடக்கு. சத்தம் போட்டேன். மேனேஜர் சாரும் கெமிஸ்ட் தம்பியும் ஓடி வந்தாங்க. கொக்கி போட்டு மூணு பேருமா இழுத்தோம்."

"ஃபோர்மேனுக்கும் உங்களுக்கும் ஒத்துப்போகாதுன்னு வாசல்ல பேசிக்கிட்டாங்களே?" என்று குறுக்கே புகுந்தான் மைத்துனன்.

"ஒத்துப்போகாதுதான். எதுக்கெடுத்தாலும் சண்டைதான் போடுவோம். இப்ப யார்கூட சண்டை போடறது?" ஆபரேட்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மைத்துனன் அவர் காலணியை உற்றுப் பார்ப்பதை நிறுத்தவில்லை.

தொட்டியின் ஓரத்தில் ஒரு கம்பியில் கயிறு கட்டி உள்ளே விட்டிருந்தது. "இது என்ன?" என்றார் துப்பறிவாளர்.

"ஆழம் பார்க்கிற குண்டு, சார். எப்பவும் உள்ளயேதான் தொங்கும்."

"இரும்பா?"

"இரும்புதான்."

துப்பறிவாளர் கயிற்றை இழுத்தார். அடியாழத்திலிருந்து குண்டு மேலே வந்தது. பழந்துணியால் அதைத் துடைத்துப் பார்த்தார். கறுப்பாக, வெறும் இரும்பாக இருந்தது. மறுபடி மெல்ல உள்ளே விட்டார்.

வெளியே வந்தால், கூப்பிடு தூரத்தில் குளம். குளம் என்றால் இறங்கிக் கால் நனைக்கிற குளம் அல்ல. நாலு பக்கமும் சரிவாக வெட்டி, கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு போர்த்தி, நடுவில் அந்த அமிலத் தண்ணீர். கண்ணைப் பறிக்கிற நீலப்பச்சை நிறம். சரிவில் ஒரு பிடிமானம் கிடையாது. கரையைச் சுற்றி, சில அடிகளுக்கு ஒன்றாக, முடிச்சுப் போட்ட கயிற்றேணிகள் தண்ணீர் வரை தொங்கின. எல்லாம் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். துப்பறிவாளர் குனிந்து ஒன்றைக் கையால் தடவினார். கட்டியிருந்த முளைகளைச் சுற்றி மண் இன்னும் இறுகவில்லை.

"பாதுகாப்பு விஷயத்துல நாங்க ரொம்பக் கண்டிப்பு," என்றார் மேனேஜர்.

"நல்லது," என்றார் துப்பறிவாளர்.

கெமிஸ்ட் பரிசோதனை அறையில் இருந்தான். முப்பது வயதிருக்கும். மேனேஜரின் உடன்பிறந்த தம்பி என்று ஆபரேட்டர் வழியிலேயே சொல்லியிருந்தார். தூங்கி நாளாகிவிட்ட முகம். வெள்ளை விழி சிவந்திருந்தது. இரண்டு கையிலும் விரல் நுனிகளில் கட்டு.

"அமிலம் பட்டுடுச்சு," என்றான், யாரும் கேட்குமுன்.

"அன்னிக்கு நடந்ததைச் சொல்லுங்க தம்பி. தெரிஞ்ச மட்டும் போதும்."

"சத்தம் கேட்டு ஓடினேன். மூடி திறந்து கிடந்தது. கொக்கி போட்டோம்." மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பவன் போலச் சொல்லிக்கொண்டே வந்தான். பிறகு அவன் பார்வை எங்கேயோ போயிற்று. "கரைக்கு இழுத்துப் போட்டதும் மூச்சு இருக்கான்னு பார்த்தேன். நெஞ்சை அழுத்திப் பார்த்தேன். ரொம்ப நேரம் அழுத்தினேன். அண்ணன்தான் போதும்னு..." நிறுத்திக்கொண்டான்.

துப்பறிவாளர் நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். காரில் ஏறியதும் மைத்துனன் பொங்கினான்.

"ஆபரேட்டர்தான், மாமா. சண்டை, தனியா இருந்தது, முதல்ல பார்த்தது, எல்லாம் அவர்தான். முதலைக் கண்ணீர்!"

"உன் கணக்குல தோள்ல இருந்த ஷூ தடம் எங்க வருது?"

"எதிர்ல நின்னு மிதிச்சிருப்பார்."

"எதிர்ல நின்னு மிதிச்சா குதிகால் நெஞ்சுப் பக்கம் விழும், மச்சான். அதுவும் ஒரு கால்தான் விழும். ரெண்டு காலையும் தூக்கி மிதிக்க முடியுமா? ஸ்டேஷனுக்கு வண்டிய விடு. இன்ஸ்பெக்டரைப் பார்க்கணும்."

மறுநாள் காலை, பரிசோதனை அறையில் எல்லோரும் கூடினார்கள். மேனேஜர், கெமிஸ்ட், ஆபரேட்டர். ஓரமாக ஒரு நாற்காலியில் இன்ஸ்பெக்டர். கோப்பை மூடியாகிவிட்டது, மறுபடி எதற்கு என்ற சலிப்பு அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

துப்பறிவாளர் இரண்டு கண்ணாடிக் குவளைகளை மேசைமேல் வைத்தார். ஒன்றில் தொட்டியின் எண்ணெய், இன்னொன்றில் குளத்து நீர். மைத்துனன் காரின் கருவிப் பெட்டியிலிருந்து எடுத்து வந்த இரண்டு இரும்பு ஆணிகளை நன்றாகத் துடைத்து, குவளைக்கு ஒன்றாகப் போட்டார்.

"கொஞ்சம் பொறுப்போம்," என்றார்.

பிறகு இடுக்கியால் ஆணிகளை எடுத்தார். எண்ணெயில் கிடந்தது போட்டபடியே இருந்தது. குளத்து நீரில் கிடந்தது சிவந்திருந்தது.

"இது உங்களுக்கெல்லாம் தெரிஞ்ச விஷயம்தான். செம்பு கரைஞ்ச தண்ணியில இரும்பைப் போட்டா, செம்பு அதுமேல வந்து படியும். எண்ணெய்க்குள்ள இருக்கிற செம்பு அப்படி வராது. மருந்து அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டிருக்கு." சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். "ஃபோர்மேன் பாக்கெட்டுல இருந்த சாவி. செம்பு பூத்திருக்கு. எண்ணெயில விழுந்தவர் சாவி எப்படிச் செவந்தது?"

"தொட்டிக்கு அடியில கொஞ்சம் தண்ணி தேங்கியிருக்கும்," என்றார் மேனேஜர் உடனே. "எண்ணெயோட கலந்து வர்ற தண்ணி. அதுல பட்டிருக்கும்."

"இருக்கலாம். ஆனா அதே அடியில ஒரு இரும்புக் குண்டு வருஷக்கணக்காத் தொங்குது. அது செவக்கவே இல்லையே."

மேனேஜர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அவர் இறந்தது குளத்துல," என்றார் துப்பறிவாளர். "அதுக்கு அப்புறம்தான் தொட்டிக்கு வந்தார். குளத்தைச் சுத்தி அத்தனை கயிற்றேணியும் புதுசு. ஒருத்தர் எண்ணெய்த் தொட்டியில விழுந்து செத்தா, தொட்டிக்கு ஏதாவது செய்வாங்க. அதுல ஒரு மாத்தமும் இல்ல. குளத்துக்கு மட்டும் அவசரமா ஏணி வருது. அன்னிக்கு அங்க ஒரு கயிறுகூட இல்ல, அப்படித்தானே?"

ஆபரேட்டர் நிமிர்ந்து பார்த்தார். "இல்ல, சார். எத்தனையோ தடவை கேட்டார் ஃபோர்மேன்."

"அப்ப தள்ளி விட்டாங்களா, மாமா?" என்றான் மைத்துனன். குரல் தாழ்ந்திருந்தது.

"இல்ல. தோள்ல ரெண்டு ஷூ தடம். பக்கத்துல பக்கத்துல, ஒரே மாதிரி. குதிகால் முதுகுப் பக்கம். அவர் எந்தப் பக்கம் பார்த்து நின்னாரோ, அதே பக்கம் பார்த்து ஒருத்தர் அவர் தோள்மேல ஏறி நின்னிருக்கார். ஒருத்தரை முக்கறதுக்கு யாரும் அப்படி ஏறி நிற்கமாட்டாங்க. மேல ஏறத்தான் நிப்பாங்க." துப்பறிவாளர் கெமிஸ்டின் பக்கம் திரும்பினார். "தம்பி, நேத்து நீங்க 'கரைக்கு இழுத்துப் போட்டதும்'னு சொன்னீங்க. தொட்டிக்கு வாய் உண்டு, விளிம்பு உண்டு. கரை ஏது? கரை குளத்துக்குத்தான். உங்க விரல்ல அமிலம் படல. வழுக்குற பிளாஸ்டிக்ல பிடி தேடித் தேடித் தோல் போயிருக்கு. கண்ணு செவந்ததும் அந்தத் தண்ணியாலதான்."

"நீ எதுவும் பேசாதே," என்றார் மேனேஜர் தம்பியிடம்.

கெமிஸ்ட் அண்ணனைப் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினான். அழவில்லை. அவனிடம் அழுவதற்கு எதுவும் மிச்சமிருப்பதாகத் தெரியவில்லை.

"மாதிரித் தண்ணி எடுக்கப் போனேன். மழை வந்துடுச்சு. சரிவுல ஒரு அடி கீழ வெச்சேன், அவ்வளவுதான். உள்ள போயிட்டேன். ஏற ஏற வழுக்குது. கத்தினேன். மழையில யாருக்குக் கேட்கும்? அவருக்குக் கேட்டுச்சு. எங்கிருந்து வந்தார்னே தெரியல. கயிறு தேடினார். இல்ல. அப்படியே இறங்கிட்டார். சரிவுல ஒட்டிக்கிட்டு நின்னு, என்னைத் தூக்கித் தோள்மேல நிறுத்தினார். நான் மேல வந்துட்டேன். நான் உந்தின உந்துல அவர் உள்ள சறுக்கிட்டார். கை நீட்டினேன், எட்டல. அண்ணன் ரூமுக்கு ஓடினேன். ரெண்டு பேரும் வயரை எடுத்துக்கிட்டுத் திரும்பி வந்தப்ப..."



"தொட்டியில போடச் சொன்னது யார்?" என்றார் இன்ஸ்பெக்டர். சலிப்பு போயிருந்தது.

"நான்," என்றார் மேனேஜர். "குளத்துல செத்தார்னா ஆலைய மூடிடுவாங்க. ஏணி போடணும்னு போன வருஷமே அரசாங்கத்துல சொல்லிட்டாங்க. போடல. இவன் தனியா இறங்கினதுக்கு இவன் மேலயும் பழி வரும். அவர் எப்படியும் போயிட்டார். தள்ளுவண்டியில வெச்சு, மேல சாக்கைப் போட்டு... அவர் சாவியாலயே மூடியத் திறந்து, சாவியத் திரும்ப அவர் பாக்கெட்டுலயே போட்டோம். அவருக்கு அதனால என்ன ஆகப்போகுதுன்னு நினைச்சேன்."

"அவருக்கு ஒண்ணும் ஆகல," என்றார் துப்பறிவாளர். "வீட்டுல ஒருத்தங்க இருக்காங்க."

ஆபரேட்டர் எழுந்து கெமிஸ்டின் பக்கத்தில் போய் நின்றார். அடிக்கப்போகிறார் என்று மைத்துனன் நினைத்தான். அவர் ஒன்றும் செய்யவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

அன்று மாலை இன்ஸ்பெக்டரின் அனுமதியுடன் கெமிஸ்டை அழைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார்கள். வர வேண்டும் என்று கேட்டது அவன்தான். முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் ஒரு நாட்காட்டி, மூலையில் மடித்து வைத்த பாய். அவன் உட்காரவில்லை. நடந்ததை நின்றபடியே முழுவதும் சொன்னான். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். கேட்டுக்கொண்டே அவன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லி முடித்ததும் அவள் நிமிர்ந்தாள்.

"அவருக்கு வலது தோள்ல ரொம்ப நாளா வலி," என்றாள். "ஒரு குடம் தண்ணி தூக்கச் சொன்னா ஊரைக் கூட்டுவார். தூக்கவே மாட்டார்."

கெமிஸ்ட் தலை குனிந்தான்.

"வலிக்குதுன்னு ஏதாவது சொன்னாரா?"

"இல்லக்கா. 'இன்னும் கொஞ்சம் மேல, இன்னும் கொஞ்சம் மேல'ன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தார்."

அவள் தலையை ஆட்டினாள். விலாசம் சரிதான் என்று தபால்காரரிடம் சொல்வது போல ஆட்டினாள். கெமிஸ்ட் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அவள் கையை இலேசாகத் தூக்கினாள். "இப்ப வேணாம் தம்பி. போயிட்டு வாங்க."

மைத்துனன் அவனைக் காருக்கு அழைத்துப் போனான். துப்பறிவாளர் வாசல் கேட்டருகே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் பின்னாலேயே வந்தாள்.

"'அவரா போனாரா'ன்னு நான் ஏன் கேட்டேன்னு நீங்க கேட்கவே இல்லையே, சார்."

"நீங்க சொல்லணும்னு தோணினா சொல்லுவீங்கன்னு இருந்துட்டேன்."

"அன்னிக்குக் காலையில எங்களுக்குள்ள வாய்த்தகராறு. ஒண்ணுமில்லாத விஷயம். ஞாயித்துக்கிழமையும் வேலையான்னு ஆரம்பிச்சேன். 'நீங்க இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்'னு சொல்லிட்டேன். அவர் பதில் பேசாம போயிட்டார். அப்புறம் சாயங்காலம் வந்து, அவரே குதிச்சுட்டார்னு சொன்னாங்க." அவள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நின்னுபோனது சார் எல்லாம். பசி, தூக்கம், அழுகை, எதுவும் வரல. நான்தான் கொன்னுட்டேன்னு நினைச்சேன்."

துப்பறிவாளர் செருப்பு வாரை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "அவர் ஒருத்தரைக் காப்பாத்தத்தான் இறங்கினார். திரும்பி ஏறணும்னுதான் இறங்கினார்," என்றார். "அது மட்டும் நிச்சயம்."

"சரி, சார்," என்றாள். கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

காரில் மைத்துனன் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தான். பின்னிருக்கையில் கெமிஸ்ட் கண்ணை மூடியிருந்தான். வீட்டுக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் வருமோ என்று மைத்துனன் காது கொடுத்தான். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தம்.

"போலாமா, மாமா?"

"போலாம்," என்றார் துப்பறிவாளர்.